அடித்தல் திருத்தல் உண்டு

முதல் நாள், திங்கட்கிழமை இரவு, பீளமேடு

இந்நேரம் சிங்கப்பூர் விமானத்தில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், கோவை பீளமேட்டில் என் தங்கை வீட்டு முன்னறையில் பாய் விரித்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி மட்டும் விமானத்தில் இருக்கிறாள். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் நான் கூட இல்லாமல் அவள் போன அதிகபட்ச தூரம் கோபியிலிருந்து பவானி கூடுதுறை. அதுவும் ஆடிப்பெருக்குக்கு, எங்கள் தெருப் பெண்கள் நிறைந்த பேருந்தில்.

மகளுக்குச் சிங்கப்பூரில் ஆண் குழந்தை பிறந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம் என்றாலும், மாப்பிள்ளையின் வேலையும் மருத்துவமனைப் பதிவும் அங்கேயே அமைந்துவிட்டதால், நாங்கள் இருவரும் போய் ஒரு மாதம் இருந்து வருவதென்று முன்பே பேசி முடிவாயிற்று. மனைவி இரண்டு வாரமாகப் பெட்டி கட்டினாள். பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு, மஞ்சள், ராகி மாவு, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஐந்து கிலோ. கசகசா மட்டும் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள் என்று மகள் மூன்று முறை தொலைபேசியில் எச்சரித்ததால், அதை எடுத்து அடுக்களை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில் இவ்வளவு கவனமாக இருந்த வீட்டில், பாஸ்போர்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கோபியில் ஏறிய கார் நம்பியூர், சேவூர், அவினாசி வழியாக வந்து சித்ரா நிறுத்தத்தில் விமான நிலையத்துக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. செக்-இன் கவுண்டரில் மனைவியின் பாஸ்போர்ட்டை அந்தப் பெண் கருவியில் வைத்ததும் திரையில் விவரம் வந்துவிட்டது. என்னுடையதை வைத்தாள், வரவில்லை. துணியால் துடைத்து வைத்தாள், வரவில்லை. பிறகு பக்கத்தைத் தூக்கி மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில்தான் நானும் அதை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன்: புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பேறிய டேப், நடுவில் ஒரு காற்றுக்குமிழியுடன்.

"சார், இந்த டேப் யாருங்க ஒட்டினது?"

"நான்தானுங்க அம்மிணி. ஓரம் பிரிஞ்சு வந்துச்சு, அதான்."

இந்த இடத்தில் உண்மையை எழுதிவிடுவது நல்லது. அந்தப் பாஸ்போர்ட் 2018இல் எடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமல், மஞ்சப்பையில் பழைய பத்திர நகல்களோடு சேர்ந்து இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. மூன்று ஆண்டுக்கு முன் ஐப்பசி அடைமழையில் ஓடு ஒழுகி அந்தப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது புகைப்படப் பக்கத்தின் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் கீழ்மூலையில் ஓர் அரிசி நீளத்துக்குப் பிரிந்து நின்றது. பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கத்தின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்து, பின்கோடின் கடைசி எண்ணில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. எங்கள் வீட்டில் எதையும் தூக்கி எறியும் பழக்கம் இல்லை. குடைக்குக் கம்பி மாற்றுவோம், தைத்த செருப்பையே மறுபடி தைப்போம். அதே கையோடு, பார்சல் ஒட்டும் அகல டேப்பை வெட்டி இரண்டு பக்கத்திலும் ஒட்டி, நகத்தால் தேய்த்து, வேலை முடிந்த திருப்தியோடு பையில் வைத்துவிட்டேன்.

கவுண்டர் பெண் மேலதிகாரியை அழைத்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். குரலை உயர்த்தாமல், என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். எண்ணைக் கையால் தட்டச்சு செய்து உள்ளே ஏற்ற முடியும். ஆனால் புகைப்படப் பக்கத்தில் டேப் இருந்தால், அடியில் என்ன நடந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. சிங்கப்பூர் குடிநுழைவு அதிகாரியாலும் சொல்ல முடியாது. அங்கே மறுத்தால் என்னைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு ஏற்றிச் சென்ற நிறுவனத்தின் தலையில் விழும். அதற்கு மேல் அபராதமும் வரலாம். நாற்பது ஆண்டு பத்திரம் எழுதிய கை சும்மா இருக்குமா? "என்ன நடந்தாலும் நானே பொறுப்புன்னு எழுதிக் குடுத்தர்றனுங்க" என்றேன். "நீங்க எழுதிக் குடுத்தாலும் திருப்பிக் கூட்டிட்டு வர்றது நாங்கதானுங்களே ஐயா" என்றார். அந்தப் பதிலில் ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை.

அரை மணி நேரம் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என் தொழிலே எனக்கு எதிராக வந்து நின்றது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 20ஆம் பிரிவை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இடைச்செருகலோ, வெற்றிடமோ, அடித்தல் திருத்தலோ உள்ள ஆவணத்தில் அந்தந்த இடத்தில் எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்து இல்லாவிட்டால் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம். எத்தனையோ விவசாயிகளை, ஒரே ஓர் எழுத்தை வெள்ளை மையால் அழித்துக்கொண்டு வந்ததற்காக, "இது செல்லாதுங்க, புதுசா எழுதணும்" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் என்னை இப்படித்தான் பார்த்தார்கள்.

மனைவி, "ஏனுங்க, நானும் எறங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். மகள் ஒருத்தியாகக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே காத்திருக்கிறாள். "நீ போ" என்றேன். அவள் பயணச்சீட்டுக்கு ஒரு பெட்டிதான் அனுமதி என்பதால், கவுண்டருக்கு ஓரமாகத் தரையில் இரண்டு பெட்டிகளையும் திறந்துவைத்துப் பிரித்தோம். என் வேட்டி சட்டைகள் எல்லாம் வெளியே, லேகியமும் வசம்பும் குழந்தைத் துணியும் உள்ளே. எடை போட்டால் இரண்டு கிலோ கூடுதல். நாட்டுச்சர்க்கரையில் மூன்று கிலோவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே மறைந்த பிறகுதான், பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் என் சட்டைப்பையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, பீளமேடு

காலை ஏழு மணிக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். குடிநுழைவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். "அப்பா வரலைன்னு பாப்பா கண்ணே தொறக்கல" என்றாள். சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள், சிரித்தேன்.

தங்கை மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவனையும் நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா, எப்படிச் சேதமாச்சு?" என்று ஆரம்பித்தான். புதுப் பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது: அடையாளம் தெரியும் அளவுக்குச் சேதமா, தெரியாத அளவுக்குச் சேதமா? எண்ணைப் படிக்க முடிந்து, பெயர் தெரிந்து, புகைப்படம் கெடாமல் இருந்தால் முதல் வகை. அப்போது தட்கலில் கேட்கலாம். இரண்டாம் வகைக்குத் தட்கல் கிடையாது. என்னுடையது முதல் வகை. டேப்பை உரித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். மாப்பிள்ளை பதறிவிட்டான். "மாமா, அதைத் தொடவே தொடாதீங்க. உரிச்சா பிளாஸ்டிக்கும் கூட வந்துரும், அப்புறம் ரெண்டாம் வகைதான்." கெடுத்தது நான், காப்பாற்றியது அவன்.

செலவைக் குறித்து வைக்கிறேன், யாருக்காவது உதவும். 36 பக்கப் பாஸ்போர்ட்டைக் காலம் முடிந்து புதுப்பித்தால் 1,500 ரூபாய். தொலைந்தது, திருட்டுப்போனது, சேதமானது என்றால் 3,000. தட்கலுக்கு மேற்கொண்டு 2,000. ஆக, ஒரு முழம் டேப்பின் விலை 5,000 ரூபாய். விமானச் சீட்டுக் கணக்கு தனி. இடம் இருப்பதைவிட அதிகமாகச் சீட்டு விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் இழப்பீடு உண்டு. ஆவணக் குறையால் மறுத்தால் கிடையாது. அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான். பயணம் செய்யாததால் அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் திரும்பக் கிடைக்கும். அதற்கும் கேட்டு எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இன்றைய பொழுதில் எனக்கு மிகவும் வேலை கொடுத்தது உறுதிமொழிதான். பாஸ்போர்ட் எப்படி, எங்கே சேதமானது, இதற்கு முன் எத்தனை முறை தொலைத்தோ சேதப்படுத்தியோ இருக்கிறேன் என்றெல்லாம் எழுதித்தர வேண்டும். முத்திரைத்தாள் வாங்கவும் நோட்டரி வழக்கறிஞரைப் பார்க்கவும் கிளம்பிவிட்டேன். மாப்பிள்ளை தடுத்தான்: 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு இந்தப் படிவங்கள் எல்லாம் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும், நோட்டரி சான்றும் தேவையில்லை. நாற்பது ஆண்டு முத்திரைத்தாளிலேயே பிழைத்தவனுக்கு வெள்ளைத்தாளில் எழுதினால் எழுதியதுபோலவே இல்லை. இருந்தாலும் உட்கார்ந்து, "ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் வசிக்கும் நான் என் முழு மனதுடனும் சுயநினைவுடனும்" என்று தொடங்கி, ஓடு ஒழுகியது முதல் டேப் ஒட்டியது வரை ஒரே வாக்கியத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தேன். மாப்பிள்ளை முழுதும் படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க மாமா, ஆனா அவங்க குடுத்த படிவத்துல மூணு வரிதான் இடம் இருக்கு" என்றான். மூன்று வரியாக்கினேன். டேப் ஒட்டியதை மட்டும் விடவில்லை. மறைத்து எழுதிய பத்திரம் என்றைக்காவது ஒருநாள் நீதிமன்றத்தில் வந்து நிற்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் சேவை மையத்தில் நாளைக் காலைக்கே நேரம் கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள், புதன்கிழமை, கோவை

அவினாசி சாலையில் எந்நேரமும் நெரிசல். பத்து மணிக்குக் கொடுத்த நேரத்துக்கு ஒன்பதரைக்கே போய் நின்றேன். ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை மூன்றும் அசலும் நகலுமாக. பழைய பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், நகை கொண்டுபோவது போல.

உள்ளே டோக்கன் எண் திரையில் ஓடும். முதலில் ஏ, பிறகு பி, கடைசியாக சி என்று மூன்று நிலை. ஏ கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படம் எடுத்து, விரல்ரேகை பதிகிறார்கள். நான் ஆயிரக்கணக்கானவர்களின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துப் பத்திரத்தில் உருட்டியவன். இங்கே ஓர் இளைஞர் என் விரலைப் பிடித்துக் கண்ணாடி மேல் வைத்து, "லேசா அழுத்துங்க ஐயா, இன்னும் கொஞ்சம்" என்றார். என் ரேகை மூன்றாவது முறைதான் விழுந்தது. காகிதம் புரட்டியே தேய்ந்திருக்கும் போலிருக்கிறது.

பி கவுண்டரில் இருந்த அம்மையார் பழைய பாஸ்போர்ட்டை வாங்கி, முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு தையலைப் பார்த்தார், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்ணினார். புகைப்படப் பக்கத்துக்கு வந்ததும் நின்றார். விரல்நுனியால் டேப்பின் ஓரத்தை ஒருமுறை தடவினார். நகம் படவில்லை, விரலின் சதை மட்டும். நானும் பழைய பத்திரத்தில் சுரண்டிய இடத்தை அப்படித்தான் கண்டுபிடிப்பேன். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

"எதுக்குங்க ஐயா இதை ஒட்டுனீங்க? ஓரம் பிரிஞ்சிருந்ததை அப்படியே கொண்டுவந்திருந்தா வெறும் சேதம். ஒட்டிட்டதால யாராச்சும் உள்ள கையை வெச்சாங்களோன்னு எங்களுக்குச் சந்தேகம் வருதுங்களே."

என்னிடம் பதில் இல்லை. உறுதிமொழியைக் காட்டினேன். படித்தார். டேப் ஒட்டியதாக எழுதியிருந்த வரியின் மேல் பேனாவால் ஒரு சிறு புள்ளி வைத்தார். 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில், பதிவுகளைத் திருத்தினாலோ திருத்த முயன்றாலோ இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பதை நேற்றிரவு படித்திருந்ததால், அந்தப் புள்ளி எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. அவர் பழைய பதிவை திரையில் எடுத்து, 2018இல் எடுத்த புகைப்படத்தையும் ஏட்டில் உள்ளதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சி கவுண்டருக்குப் போங்க" என்றார்.

சி கவுண்டர் அதிகாரி அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்; அது என் மனத்தில் தைத்துவிட்டது. அந்த ஏடு என்னுடையது இல்லையாம். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. நான் வெறும் வைத்திருப்பவன். சொத்துரிமை எழுதியே வாழ்ந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே! குடக்கூலிக்கு இருப்பவன் வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரை இடித்துப் பூசியதுபோலத்தான் நான் செய்திருக்கிறேன். பழைய ஏட்டில் ரத்து முத்திரை விழுந்தது. கத்தரிக்கோலால் அட்டை மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். டேப் மட்டும் அப்படியே இருந்தது.

மாலையே கோபிக்குத் திரும்பிவிட்டேன். புதிய பாஸ்போர்ட் விரைவுத் தபாலில் வீட்டுக்கே வரும். நான் இல்லாவிட்டால் தபால்காரர் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரை, கோபி

காத்திருப்பதைத் தவிர வேலை இல்லாத நாட்கள் என்பதால் ஒன்றாகவே எழுதுகிறேன். காலையில் வாய்க்கால் மேட்டில் நடை, பிறகு வெட்டிய மூலையோடு கிடக்கும் பழைய பாஸ்போர்ட்.

புகைப்படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி அச்சிட்டிருக்கிறார்களே, அதைத்தான் என் டேப் மூடியிருந்தது. இதுநாள் வரை அதை ஏதோ அலங்காரக் கரை என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியிலும் சரியாக 44 எழுத்துகள்; எழுத்தில்லாத இடத்தை ஒரு கோணக்குறி நிரப்புகிறது. உலகத்து நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே அமைப்பு. இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், நாடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, முடியும் தேதி என்று வரிசை. எண்ணுக்கும் தேதிகளுக்கும் பின்னால் தனித்தனியாக ஒரு காவல் எண் நிற்கிறது.

நான் பிறந்தது 1958 ஜூன் 12. அங்கே ஆண்டு முதலில் வருவதால் 580612 என்று இருக்கிறது. அதை ஒட்டி 6 என்று ஓர் எண். இந்த 6 எங்கிருந்து வந்தது? இடமிருந்து வலமாக ஒவ்வோர் எண்ணையும் 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். ஐந்தேழு முப்பத்தைந்து, எண்மூன்று இருபத்துநான்கு, பூச்சியம், ஆறேழு நாற்பத்திரண்டு, ஒருமூன்று மூன்று, இரண்டு. கூட்டினால் 106. பத்தால் வகுத்தால் மிச்சம் 6. பக்கத்தில் நின்ற அதே 6! கருவி 8ஐ 3 என்று தவறாகப் படித்துவிட்டால் கூட்டுத்தொகை 91 ஆகிவிடும், மிச்சம் 1, காவல் எண் ஒத்துப்போகாது, கருவி மறுத்துவிடும். என் டேப்பின் காற்றுக்குமிழி சரியாக இந்த இடத்தில்தான் இருந்தது.

இதைத்தான் நாங்கள் பத்திரத்தில் சக்குபந்தி என்கிறோம். சர்வே எண்ணை எழுதுவதோடு நில்லாமல், வடக்கே இன்னாருடைய நஞ்சை, கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை என்று நான்கு பக்கமும் கட்டி எழுதுவது, எண்ணில் ஒரு பிழை நேர்ந்தாலும் எல்லை காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகத்தான். அந்த வெள்ளிக்கிழமை மதியம் மட்டும், மறுத்துவிட்ட அந்தக் கருவி மேல் எனக்கு ஏதோ ஒரு சொந்தம் வந்தது. ஆறு தாள்களில் மனைவி, மகள் பிறந்த தேதிகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன்.

மனைவி தினமும் இரவு அழைக்கிறாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, மின்தூக்கியில் தனியாக இறங்கிக் காய்கறி வாங்கப் போய் வந்தது என்று அவள் சொல்வதைக் கேட்டால், நான் இல்லாதது குறையாகவே தெரியவில்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, கோபி

பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வந்தார். இருபது ஆண்டாக என்னைத் தெரிந்தவர். இருந்தும் ஆதாரைக் காட்டச் சொன்னார். சிரித்துக்கொண்டே காட்டினேன், அவரும் சிரித்துக்கொண்டே சரிபார்த்தார்.

புது ஏட்டின் முன்னட்டையில், எழுத்துகளுக்குக் கீழே, தங்க நிறத்தில் சிறு குறி ஒன்று இருக்கிறது. உள்ளே சிப் வைத்த பாஸ்போர்ட் என்பதற்கு அடையாளம். 2024 ஏப்ரலில் சோதனையாகத் தொடங்கியது இப்போது எனக்கும் வந்துவிட்டது. மடக்கக் கூடாது, நனைக்கக் கூடாது. இந்த ஏட்டை இரும்புப் பெட்டியில் வைக்கவில்லை. மர பீரோவின் மேல்தட்டில், வேறெந்தக் காகிதமும் இல்லாத தகர டப்பாவில் தனியாக வைத்தேன்.

ஆனால் இதோடு முடியவில்லை. பாஸ்போர்ட் எண் மாறிவிட்டதால், பழைய எண்ணில் எடுத்த சிங்கப்பூர் விசா கையில் இருந்தும் பயனில்லை. புதிய எண்ணுக்குப் புதிதாகவே போட்டுவிடலாம் என்றார் கோவை முகவர். மறுபடி 30 சிங்கப்பூர் டாலர், அவருடைய கூலி தனி. அனுப்பிவிட்டேன்.

பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை

நேற்று விசா வந்தது. அதில் உள்ள எண்ணைப் பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பெயரையும் பிறந்த தேதியையும் மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லி நான் பார்த்தேன். பத்திரப்பதிவுக்கு முந்தைய இரவு நாங்கள் இப்படித்தான் ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிடுவோம். சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் இணையத்தில் நிரப்ப முடியும் என்பதால் அதை நாளைக்கு வைத்துக்கொண்டோம். அதற்குக் கட்டணம் இல்லை.

பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை இரவு, விமான நிலையம்

மனைவி விட்டுச்சென்ற மூன்று கிலோ நாட்டுச்சர்க்கரை பெட்டியின் அடியில் இருக்கிறது. அரைஞாண் சட்டைப்பையில். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞனின் பாஸ்போர்ட் அட்டை பாதி கிழிந்து தொங்கியது. என்னால் இருக்க முடியாமல், "தம்பி, அதை ஒட்டிராதீங்க" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கவுண்டரில் வேறொரு பெண். ஏட்டைக் கருவியில் வைத்தாள். நான் மூச்சு விடுவதற்குள் திரையில் விவரம் வந்துவிட்டது. அவ்வளவுதான். பதினாறு நாளும் 5,000 ரூபாயும் இன்னொரு விமானச் சீட்டும் அந்த ஒரு நொடிக்காக. பெட்டியை எடை போட்டாள், போர்டிங் பாஸை அடித்தாள், பெட்டிக்கான பசைச்சீட்டை உரித்து, பழக்கத்தில், என் பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டப் போனாள்.

"அம்மிணி, அதுல மட்டும் வேண்டாமுங்க" என்று கையை நீட்டி மறித்துவிட்டேன். "போர்டிங் பாஸ்ல ஒட்டுங்க."